உப்பு சர்பத்

மார்ச் 24, திங்கள்

இந்த டைரி பொங்கலுக்கு அரிசி மண்டியில் கொடுத்தது. இத்தனை நாளும் ஐஸ் பெட்டி ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்றைக்கு என் வீட்டுக்காரி சண்முகக்கனி அதை உருவித் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள். "என்கிட்ட கத்துறத எல்லாம் இதுல எழுதுங்க. எனக்குக் காது வலிக்கு" என்றாள்.

சரி, எழுதுகிறேன். எனக்குச் சுகராம். மூன்று மாதத்துச் சராசரி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. அது ஏழுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்பதே முக்கால். டாக்டரம்மா ஜெனோவா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"தூத்துக்குடியில என்னைத் தெரியாதா டாக்டர்? பால்துரை சர்பத் கடை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் குடிப்பீங்க?"

"குடிக்கவே மாட்டேன். ருசி மட்டும்தான் பார்ப்பேன்."

"எத்தனை தடவை?"

நான் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தேன். சண்முகக்கனி முந்திக்கொண்டாள். "சொம்புக்கு அரை கிளாஸ் டாக்டர். கோடையில சொம்பு ஓயாது." காட்டிக்கொடுப்பதற்கென்றே கூட வந்திருக்கிறாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்பத், ரோஸ் மில்க், பாட்டில் கலர், சீனி போட்ட காபி எதுவும் கூடாதாம். "தாகம் எடுத்தா என்ன செய்ய?" என்று கேட்டேன். "தண்ணீர்னு ஒண்ணு இருக்கே" என்கிறார். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

மார்ச் 26, புதன்

சர்பத் கடைக்காரன் ருசி பார்க்கக் கூடாது என்றால் கடையை எப்படி நடத்துவது? இந்தக் கடையை ஆரம்பித்தவர் என் அண்ணன் ஆதிலிங்கம். அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. காலையில் முதல் கிளாஸைக் கடைக்காரன் குடிக்க வேண்டும். சரியாக இருந்தால் காலி கிளாஸைக் கல்மேடையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வியாபாரம். சரியில்லையென்றால் அண்ணன் கிளாஸை நிமிர்த்தியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சொம்பைக் கொட்டிவிட்டு மறுபடியும் கலக்க வேண்டியதுதான்.

அந்த அண்ணனுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே சுகரில் வலது கால் போயிற்று, முழங்காலுக்குக் கீழே. அதிலிருந்து ஏரலில் மகள் வீட்டில் இருக்கிறார். கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "சர்பத் கடைக்கு வந்து எச்சியை முழுங்கிட்டுப் போகவா?" என்பார்.

சாப்பிடும்போது சண்முகக்கனி தீர்ப்பு சொன்னாள். மூன்று மாதம் தவணை. ஜூலையில் அந்த நம்பர் ஏழுக்குக் கீழே வராவிட்டால் கடை அவள் தம்பி தங்கப்பழத்துக்குப் போகும். அவன் பாட்டில் கூல்டிரிங்ஸ் ஏஜென்சி வைத்திருக்கிறான். அந்த இடத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"என் கடையப் பத்தி நீ யாருட்டி முடிவெடுக்க?" என்றேன்.

"எனக்குக் கடை வேண்டாம். ரெண்டு காலோட நீங்க வேணும்" என்றாள்.

கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். குழம்பில் உப்பு குறைவு.

மார்ச் 30, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது! கருப்பட்டி!

சீனிதானே கூடாது? கருப்பட்டி மருந்தாயிற்றே. பிள்ளை பெற்றவளுக்கே கொடுக்கிறோம். தெருவில் ஆறு பேரைக் கேட்டேன், ஆறு பேரும் "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி" என்று அடித்துச் சொன்னார்கள். உடன்குடியிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தேன். காலையில் பதநீர் ஒரு சொம்பு. மத்தியானம் எலுமிச்சையும் சுக்கும் தட்டிப் போட்ட கருப்பட்டிப் பானகம். சாயங்காலம் கருப்பட்டிக் காபி. டாக்டரம்மா இந்த ஊர்க்காரர்தான், இருந்தாலும் படித்தவர்களுக்குப் பனைமரம் தெரிவதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

உடம்பு லேசாக இருக்கிறது. வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவு இளைத்திருக்கிறேன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பதநீர் உள்ளே இருக்கிற கழிவையெல்லாம் தள்ளுகிறது என்று அர்த்தம். தாகம் மட்டும் அடங்கவில்லை. அதற்கு இன்னொரு சொம்பு பதநீர் குடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

டாக்டரம்மா விரலில் குத்திப் பார்த்தார். போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறது.

என்ன குடித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பனையில இருந்து வந்தாலும் கரும்புல இருந்து வந்தாலும் ரத்தத்துக்கு ஒண்ணுதான். ராத்திரி எந்திரிச்சதும் தாகமும் இளைச்சதும் சுகர் கூடினதாலதான்" என்றார்.

ஊரில் ஆறு பேர் சொன்னார்களே என்றேன். அந்த ஆறு பேரையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கும் குத்திப் பார்ப்போம் என்றார்.

திரும்பும்போது சண்முகக்கனி ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதுதான் ரொம்ப மோசம். அவள் திட்டினால் எனக்குத் தாங்கும்.

ஏப்ரல் 21, திங்கள்

பாகற்காய் ஜூஸ். இனி இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தங்கப்பழம் வந்தான். சீனியில்லாத கறுப்புக் கலர் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்தான். "அத்தான், இதுல சுகர் சைபர்" என்றான். குடித்த பிறகு ஒரு மணி நேரம் நாக்கில் பித்தளைச் சாவியை வைத்த மாதிரி இருந்தது. அவன் கடையின் அகலத்தைக் காலடி வைத்து அளந்துகொண்டிருந்ததை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இனிப்பு மாத்திரை வாங்கி எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். இனிப்பு வருகிறது, ஆனால் வந்த விருந்தாளி போக மாட்டேன் என்கிற மாதிரி தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மோர் நன்றாகத்தான் இருக்கிறது. பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி. காலையில் இரண்டு கிளாஸ் குடித்தேன். ஆனால் கடையில் அதைக் குடித்தால் பதினோரு மணிக்கே கொட்டாவி வருகிறது. சீரகத் தண்ணீர் நல்லதுதான், பத்தியம் இருக்கிறவன் வீட்டு வாசனை அடிக்கிறது. இளநீர் தினமும் வேண்டாம், எப்போதாவது ஒன்று என்கிறார் டாக்டரம்மா.

கடையில் நின்று ஊருக்கெல்லாம் சர்பத் ஊற்றிக்கொடுத்துவிட்டு, நான் திரும்பி நின்று வெறும் தண்ணீர் குடிக்கிறேன். அழுகை வந்தது. வெங்காயம் எதுவும் அரியவில்லை, அழுகைதான்.

மே 2, வெள்ளி

பாகு காய்ச்சுவதற்காக நன்னாரி வேரைத் தட்டி மண்பானைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். மத்தியானம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, கேன் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. தாகம் தாங்காமல் அந்தப் பானையிலிருந்தே ஒரு கிளாஸ் மொண்டு குடித்தேன்.

சீனி சேர்க்காத நன்னாரித் தண்ணீரை இத்தனை வருஷத்தில் நான் குடித்ததே இல்லை. எதற்குக் குடிக்க வேண்டும்? முதல் வாய் வெறும் தண்ணீர் போல இருந்தது. இரண்டாவது வாயில் மழை பெய்த செம்மண் வாசனை. விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாக ஒரு குளிர்ச்சி. அவ்வளவுதான். ஆனால் கிளாஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது.

நன்னாரித் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். நன்று. ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். ரொம்ப நன்று. உப்பு இந்த ஊர் உப்பாயிற்றே. இஞ்சியை நசுக்கி ஒரு சொட்டு. ஊறின சப்ஜா விதை ஒரு கரண்டி. மேலே ஐஸ் துருவல்.

யாருக்கும் காட்டவில்லை. சர்பத் கடைக்காரன் சீனியில்லாத சர்பத் குடிக்கிறான் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மேடைக்கு அடியில் வைத்துக் குடிக்கிறேன்.

மே 7, புதன்

ஐஸ் உடைக்கும்போது குத்தூசி கை நழுவி இடது கால் பெருவிரலில் விழுந்தது. சின்னக் கீறல். மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருக்கிறேன். சண்முகக்கனியிடம் சொல்லவில்லை, அவளுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

மே 14, புதன்

சீனி மண்டிக்காரரோடு பெரிய சண்டை. இந்தத் தடவை வந்த மூட்டையில் ஏதோ கோளாறு. தித்திப்பு தாங்கவில்லை. பாகு காய்ச்சி விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாலே பல் கூசுகிறது. போன வாரம் கொஞ்சம் சீனியைக் குறைத்தேன். அப்படியும் அதிகம். இன்றைக்கு இன்னும் குறைத்தேன்.

"அண்ணாச்சி, சீனியில தித்திப்பு கூடுதுன்னு சண்டைக்கு வந்த முதல் ஆளு நீங்கதான்" என்று மண்டிக்காரர் சிரித்தார். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? வேறு மண்டியில் ஒரு மூட்டை வாங்கினேன். அதுவும் அப்படித்தான். ஆலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு ஏதோ செய்கிறார்கள்.

கால்விரல் அப்படியே இருக்கிறது. சீக்கிரம் ஆறிவிடும்.

மே 19, திங்கள்

எட்வின் சார் ரிட்டயரான வாத்தியார். தினமும் நாலு மணிக்கு வந்து ஒரு சர்பத் குடிக்கிறவர். இன்றைக்குப் பாதி குடித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வரவர தண்ணியாப் போடுதீங்க?" என்றார்.

"சார், உங்க நாக்குல கோளாறு" என்றேன்.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நாலைந்து நாளாகவே கூட்டம் குறைவு. எதிர்ப்பக்கத்துக் கரும்புச்சாறு வண்டியில் ஈ மொய்ப்பது போல ஆட்கள்.

மே 21, புதன்

கடை வாசலில் ஒரு பெரிய நீல நிற ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. தங்கப்பழம் அனுப்பியிருக்கிறான். "ஜூலையில எப்படியும் தேவைப்படும் அத்தான், இப்பமே உள்ள இருக்கட்டும்" என்று போனில் சொல்கிறான். என் கடையில் பாதி இடத்தை அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே வெறும் கம்பித் தட்டுகள். கதவைத் திறந்தால் லைட் எரிகிறது.

மே 24, சனி

சண்முகக்கனி குப்பைக்கூடையில் ரத்தமும் சீழும் ஒட்டிய துணியைப் பார்த்துவிட்டாள்.

செருப்பைக் கழற்றச் சொன்னாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் சொன்னாள். கழற்றினேன். தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். விரல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, ஆனால் குரல் உடையவில்லை.

"பெரிய மச்சானுக்கும் செருப்பு கடிச்ச புண்ணுன்னுதான் சொன்னாங்க" என்று என் அண்ணனைச் சொன்னாள்.

எனக்கு அது தெரியாதா? பதினேழு நாளாக அதைத் தவிர வேறு எதை நினைத்துக்கொண்டிருந்தேன்? நான் பயந்துபோயிருக்கிறேன். இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பயத்தில்தான் சொல்லவில்லை.

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார். பிறகு விரல் குத்திப் பார்த்தார். நம்பர் நன்றாக இறங்கியிருக்கிறது. "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மேடைக்கு அடியில் வைத்துக் குடிக்கிற விஷயத்தைச் சொன்னேன். உப்பு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது என்றார், மற்றபடி தாராளமாகக் குடிக்கலாமாம். சண்முகக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே இப்போதுதான் தெரியும்.

மே 30, வெள்ளி

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வேலையெல்லாம் சண்முகக்கனி. இன்றைக்குப் பாகு அவள் காய்ச்சினாள். அண்ணன் சொல்லிக்கொடுத்த பழைய அளவு, படிக்குப் படி. பழைய மண்டியில் வாங்கிய அதே மூட்டைதான். சர்பத் கலந்து எனக்கு ஒரு மடக்கு ஊற்றினாள். "டாக்டர் திட்டுனா நான் பாத்துக்கிடுதேன். இந்த ஒரு மடக்கு குடிங்க."

வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. சாக்கடையில் துப்பினேன். உதடெல்லாம் பிசுபிசு. நன்னாரி வாசனையே தெரியவில்லை, சீனி அதை மிதித்து உட்கார்ந்திருக்கிறது.

"பாத்தியா? சீனி கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னேன்ல?" என்றேன்.

அவள் அதே சொம்பிலிருந்து நிற்கிற நாலு பேருக்கு ஊற்றிக் கொடுத்தாள். நாலு பேரும் மடமடவென்று குடித்துவிட்டு, "ஆகா, பழைய ருசி வந்துட்டு" என்றார்கள். ஒருவர் இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

"சீனி மாறல. உங்க நாக்கு மாறிட்டு" என்றாள் சண்முகக்கனி.

மண்டிக்காரரோடு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. எட்வின் சாரைச் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வாடிக்கையாளர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கி நின்று குடித்தார்கள்.

நாக்கு போய்விட்டால் நான் என்ன சர்பத் கடைக்காரன் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. இத்தனை வருஷமும் சீனிக்கு அடியில் தூங்கியிருக்கிறது, இப்போதுதான் எழுந்திருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

இனிப்பு சர்பத்துக்கு இனிமேல் ருசி பார்க்கிறவள் அவள்தான். ஒரு கரண்டி மட்டும் பார்த்துவிட்டு, காலையில் கிளாஸைக் கல்மேடையில் கவிழ்க்கிறாள். தேவைக்குமேல் சத்தம் கேட்கிறது. எனக்குக் கேட்பதற்காகத்தான்.

எட்வின் சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மண்டிக்காரரிடம் போகவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மன்னிப்புதான் முடியும்.

ஜூன் 5, வியாழன்

நாலு மணிக்கு எட்வின் சார் வந்தார். நான் மேடைக்கு அடியிலிருந்து டம்ளரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன அது, கீழ வச்சு ரகசியமா? நல்ல சரக்க நீங்க குடிச்சுட்டு எங்களுக்குச் சாதா சரக்கா?"

"சார், இது வேண்டாம். இதுல சீனி கெடையாது. உங்களுக்குப் பிடிக்காது."

"ஊத்துங்க பாப்போம்."

ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இரண்டாவது வாய் குடித்தார். மூன்றாவது வாயில் டம்ளர் காலி. வாயைத் துடைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அண்ணாச்சி, எனக்கும் சுகர்தான். நாலு வருசமாச்சு."

"பாவி மனுசா! அப்புறம் எதுக்கு தினமும் வந்து சர்பத் குடிச்சீங்க? ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தர மாட்டீங்களே" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

எட்வின் சார் இரண்டு பேரை அழைத்து வந்தார். இரண்டு பேரும் என்னிடம் வருஷக்கணக்கில் இனிப்பு சர்பத் குடித்தவர்கள். இரண்டு பேருக்கும் சுகர். இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

இன்றைக்கு ஒரு பானை போதவில்லை. சாயங்காலம் நாலரைக்கே வழித்து ஊற்றிவிட்டேன். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். நான் யோசிப்பதற்குள் ஹார்பர் லாரி டிரைவர் ஒருத்தர், "உப்பு சர்பத் ரெண்டு போடுங்க" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. எலுமிச்சைக்குப் பதில் மாங்காய் போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. புதினா போட்டேன், நன்னாரியோடு சண்டை போடுகிறது. இருக்கிறதே போதும்.

சுகரே இல்லாத இளவட்டங்களும் கேட்கிறார்கள். குடித்தபிறகு தாகம் மறுபடி எடுக்கவில்லையாம். அதைத்தானே அய்யா நானும் மார்ச்சிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்!

ஜூன் 20, வெள்ளி

கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. அனலும் மண்ணுமாக வாரி அடிக்கிறது, கடையில் பாதித் தூசி. மூன்று பானை. தங்கப்பழத்தின் நீல ஃப்ரிட்ஜில் எலுமிச்சம்பழமும் சப்ஜா ஊறின பாத்திரமும் வைத்திருக்கிறேன். நல்ல ஃப்ரிட்ஜ். லைட் எரிகிறது.

கட்டைப் பிரித்தார் டாக்டரம்மா. புண் மூடிவிட்டது. ரோஜா நிறத்தில் புதுத் தோல். வீட்டுக்கு வந்ததும் சண்முகக்கனி அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். "கூசுது, விடுட்டி" என்றேன். விடவில்லை. எனக்கும் அவள் விட வேண்டும் என்று இல்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் ரத்தம் கொடுத்தேன். நாளைக்குத் தெரியும். கடையில் கை ஓடவில்லை. ஒருத்தருக்கு உப்பு சர்பத்தில் பாகை ஊற்றிவிட்டேன், இன்னொருத்தருக்கு ரோஸ் மில்க்கில் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன். சண்முகக்கனி என்னை உட்காரச் சொன்னாள்.

தங்கப்பழம் போன் செய்து நாளைக்கு வருவதாகச் சொன்னான். போர்டு எழுதுகிறவனிடம் பேசிவிட்டானாம்.

ஜூலை 1, செவ்வாய்

ஆறு புள்ளி எட்டு.

ஆறு புள்ளி எட்டு! டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்து நின்றே கை கொடுத்தார். மாத்திரையும் ஒரு காரணம், ஆனால் நாளெல்லாம் குடித்த சீனியை நிறுத்தியதுதான் பெரிய காரணம் என்றார். நிறுத்தியதோடு விட்டுவிடக் கூடாது, இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்றார். "எனக்கென்ன டாக்டர், இதுதான் இப்ப ருசியா இருக்கு" என்றேன். பொய்யில்லை.

சண்முகக்கனி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆட்டோக்காரர் என்னமோ ஏதோ என்று பயந்துபோய், "என்னாச்சு அக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, கடை எங்களுக்குத்தான்" என்றாள். கடை வேண்டாம் என்று சொன்னவள்தான் இவள்!

கடைக்கு வந்தால் தங்கப்பழம் டேப்போடு நிற்கிறான். காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். படித்தான். முகம் தொங்கிவிட்டது. வெயிலில் வந்தவன், வேர்த்துக் கொட்டுகிறது. அவன் அக்காள் ஒரு உப்பு சர்பத்தை நீட்டினாள். வேண்டாவெறுப்பாக வாங்கிக் குடித்தான். கிளாஸைப் பார்த்தான். கடைக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான்.

"இன்னொண்ணு போடுங்க அத்தான்" என்றான்.

நாலு கிளாஸ் குடித்தான். போகும்போது ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டான். "ஜூலையில தேவைப்படும்னு நீதானப்பா சொன்ன? தேவைப்படுது" என்றேன். சிரித்துவிட்டான். ஆயிரம் இருந்தாலும் நல்ல பையன். வெள்ளிக்கிழமை அவனுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அவன் அக்காள் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று ஏரலுக்குப் போன் போட்டேன். "அண்ணே, கடைக்கு வாங்க" என்றேன். பழைய பதிலையே சொன்னார். "இது நீங்க குடிக்கலாம்ணே" என்றேன். "டாக்டர்கிட்ட கேட்டியா?" என்றார். "கேட்டேன்." போனை வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

காலையில் ஏழரைக்குக் கடை வாசலில் கார் நின்றது. மருமகன் கதவைத் திறக்க, அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். செயற்கைக் கால். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, முடியைப் படிய வாரி, கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வந்திருந்தார். சண்முகக்கனி மடமடவென்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அண்ணன் உட்காரவில்லை. கல்மேடையை ஒரு கையால் தடவிக்கொண்டே நின்றார். ஃப்ரிட்ஜைப் பார்த்து, "இது என்ன கொள்ளையோ" என்றார்.

ஆட்கள் வந்துவிட்டார்கள். எட்வின் சார்கூட வந்திருந்தார், காலையில் வராதவர். "இன்னும் தொறக்கலையா?" என்று ஒருவர் கேட்டார். "முதல் கிளாஸ் ஆகல" என்றேன்.

சொம்பில் எலுமிச்சையைப் பிழிந்து, சிட்டிகை உப்புப் போட்டு, பானையில் மொண்டு, இஞ்சிச் சாறு, சப்ஜா, ஐஸ். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தேன்.

எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அப்புறம் பாதி இருக்கும்போதே கிளாஸை மேடையில் வைத்துவிட்டார்.

நிமிர்த்தி வைத்தார்.

சொம்பைக் கொட்டுவதற்குக் கையை நீட்டினேன். எத்தனை பேர் குடித்து நன்றாயிருக்கிறது என்று சொன்னால் என்ன, அண்ணன் நிமிர்த்தி வைத்தால் கொட்ட வேண்டியதுதான்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா. மெதுவாத்தான் குடிப்பேன். எட்டு வருசமாச்சுல்லா" என்றார்.

கண் கலங்கியிருந்தது. மறுபடியும் கிளாஸை எடுத்தார். ஒவ்வொரு வாயாகக் குடித்தார். தெருவில் பத்துப் பதினைந்து பேர் வெயிலில் நின்றார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிச் சப்ஜா விதை வரைக்கும் அண்ணாந்து தட்டிக் குடித்துவிட்டு, அண்ணன் அந்தக் கிளாஸைக் கல்மேடையில் கவிழ்த்து வைத்தார்.

நான் வியாபாரத்தைத் தொடங்கினேன்.